வலி இல்லாத மஞ்சள் காமாலை

எங்க பெரியப்பாவுக்கு 62 வயசு. கண்ணு மஞ்சளாச்சு, வலி இல்ல, காய்ச்சல் இல்ல. மூணு வாரம் கீழாநெல்லியும் மோரும் பத்தியமும்தான் வைத்தியம். இன்னைக்கு அந்த மூணு வாரத்தைப் பத்திதான் பேசப்போறேன்.

மஞ்சள் காமாலை நோய் இல்ல, அறிகுறி. ரத்தத்துல பிலிருபின் கூடினா கண்ணு மஞ்சளாகும். கோளாறு கல்லீரல்லயா, இல்ல பித்தநீர்க் குழாய்ல அடைப்பா? அதுதான் முதல் கேள்வி.

ரத்தப் பரிசோதனையில எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரொம்ப எகிறியிருந்தா பெரும்பாலும் கல்லீரல் அழற்சி. டைரக்ட் பிலிருபினும் அல்கலைன் பாஸ்படேஸும் அதிகமா இருந்தா அடைப்பைச் சந்தேகிக்கணும். அடைப்புன்னா மலம் வெளுக்கும், சிறுநீர் டிகாஷன் நிறத்துல போகும், உடம்பு அரிக்கும். பெரியப்பாவுக்கு மூணுமே இருந்துச்சு. நாங்க யாரும் கேட்கல.

அடுத்து அல்ட்ராசவுண்ட். குழாய் விரிஞ்சிருந்தா, அடைச்சது கல்லா, கட்டியா? வலியில்லாம பித்தப்பை வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டா, கல்லா இருக்க வாய்ப்பு குறைவுன்னு 1890-லயே சுவிஸ் அறுவை மருத்துவர் கூர்வாசியே எழுதியிருக்கார். அப்புறம் கான்ட்ராஸ்ட் சிடி: கணையத்தோட தலைப்பகுதியில கட்டி இருக்கா, பக்கத்து ரத்தக்குழாயைத் தொடுதா? முடிஞ்சவரை ஸ்டென்ட் வைக்கிறதுக்கு முன்னாடியே எடுக்கணும். வெச்சப்புறம் படம் தெளிவா இருக்காது. சிஏ 19-9 அளவை மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது. கட்டியே இல்லாம, வெறும் அடைப்பாலயும் அது ஏறும்.

பெரியப்பாவுக்கு இருந்தது கட்டிதான். மூணு வாரம் முன்னாடியே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்க எங்களுக்குத் தைரியம் வரல.

40 வயசு தாண்டினவங்களுக்குக் கண்ணு மஞ்சளானா, தாமதிக்காம டாக்டரைப் பாருங்க, ஸ்கேன் பத்திக் கேளுங்க. கூடவே காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரி.