சுனை தேடி மலையேறுமுன்

திருவண்ணாமலையில் அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலம் வருகிறவர்களில் சிலர் பாதையை விட்டு மலைப்பக்கம் ஒதுங்குகிறார்கள். “சாமி, மேலே சுனை இருக்கு, காட்டறேன்” என்று யாராவது சொன்னால் போதும், பணம் கைமாறிவிடும். அப்படிச் சொல்பவருக்கு அனுமதி தரும் அதிகாரம் கிடையாது. மலை சிவமே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் காப்புக்காடு. அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். உள்ளே நெருப்பு மூட்டுவதும் குற்றம். கற்பூரத்தைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள்.

2024 டிசம்பர் 1 அன்று இதே மலையில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத்துக்கே பக்தர்களை மேலே விடவில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 2016 ஜூனில் நடைபாதையை விட்டு இறங்கிய இளைஞர் வெந்நீர் ஊற்றில் விழுந்து மாண்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை. நம் சுனை கொதிப்பதில்லை. ஆனால் பாசிப் பாறை வழுக்கும்.

ஊற்றைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் கந்தாசிரமத்திலேயே ஊற்று உண்டு. ரமணாசிரமத்தின் பின்புறப் பாதை திறந்திருக்கும் நாளில் அதன் வழியே அங்கே போய் வரலாம்.

அதற்கு மேலும் போகவேண்டிய காரணம் இருந்தால், திருவண்ணாமலை மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதுங்கள். வருகிறவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், ஏறும் வழி, நாள், இறங்கும் நேரம், கைப்பேசி எண் எல்லாம் இருக்கட்டும். மனு இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். வனக்காவலர் வாயால் “போங்க” என்றது அனுமதி ஆகாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘நுழையாதே’ என்று பலகை எழுதத் தெரிந்த அதிகாரிகளுக்கு ஒரு வரி பதில் எழுதுவது பாரமல்ல. பதிலே வராவிட்டால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த முத்திரைப் பிரதியை நீட்டுங்கள். அல்லது 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாகவேண்டும்.

அனுமதியில்லாமல் போய் மாட்டிக்கொண்டால் தகராறு வேண்டாம். அபராதம் கட்டினால் ரசீது கேளுங்கள். நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: ரசீது.

வழி தவறினால் ஓடை வழியே இறங்கப் பார்க்காதீர்கள்; செங்குத்தான பாறையில் கொண்டுவிடும். இருந்த இடத்திலேயே இருந்து 112-ஐ அழையுங்கள். அபராதத்துக்குப் பயந்து, இருட்டிய பிறகும் வீட்டாருக்குச் சொல்லாமல் இருக்காதீர்கள்.