மலைப்பாதையில் இரவுத் தடை: லாரிகள் எங்கே நிற்பது?

தேவிகுளம்: பருவமழை தீவிரமடையும் நாட்களில் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் கேப் ரோடு பகுதியில் இரவுப் போக்குவரத்துக்கு இடுக்கி மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பது வழக்கம். 2019, 2020 ஆம் ஆண்டுகளில் பெரும் மண்சரிவுகளைக் கண்ட பாதை என்பதால் இத்தடை அவசியமானதே. ஆனால் தேயிலையும் காய்கறியும் ஏற்றிவரும் லாரிகள் அந்த இரவில் எங்கே நிற்பது என்ற கேள்வி உடனே எழுகிறது.

மூணாறு முதல் போடிமெட்டு வரையிலான சுமார் 42 கிலோமீட்டர் சாலை அகலப்படுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பயணம் எளிதாயிற்று, நிறுத்துமிடம் பெருகவில்லை. ஒருபுறம் செங்குத்தான பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. இடையே சற்று அகன்ற ஓரங்களைச் சுற்றுலா வாகனங்கள் பிடித்துக்கொள்கின்றன. பாறைச் சரிவின் கீழ் லாரியை நிறுத்தி உறங்குவதோ உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ஓய்வு மட்டுமே இங்கு காரணமன்று. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமையுடன் இறங்கும்போது தொடர்ந்து மிதிக்கப்படும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். எனவே, இறங்குவதற்கு முன் வண்டியை நிறுத்திப் பரிசோதிப்பது பாதுகாப்பின் பகுதியே.

சட்டம் இதில் ஒருபக்கம் மட்டும் கடுமை காட்டுகிறது. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ ஏற்படும்படி பொது இடத்தில் வாகனத்தை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122 ஆவது பிரிவு தடை செய்கிறது. நிறுத்துமிடங்களை உள்ளாட்சி அமைப்புடன் கலந்து மாநில அரசு தீர்மானிக்கலாம் என்கிறது 117 ஆவது பிரிவு. முன்னது கட்டளை, பின்னது அனுமதி மட்டுமே. இரவில் தங்க நேரும் இடங்களில் தொழிலாளர்களுக்கு நிறுவனமே ஓய்வறை அமைக்க வேண்டும் என்று 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கானது. ஓரிரு லாரிகளை மட்டுமே வைத்திருப்போர் அதன் வரம்புக்குள் வரவில்லை.

தேசிய நெடுஞ்சாலைகளில் நிறுத்துமிட வசதியுடன் 1,000 நவீன ஓய்வு இல்லங்கள் அமைக்கப்படும் என்று பிரதமர் நரேந்திர மோடி 2024 பிப்ரவரியில் அறிவித்தார். சமவெளிக்கு இது பொருந்தும். தேவிகுளத்திலோ நிலம் தோட்டமாகவும் வனமாகவும் வருவாய் நிலமாகவும் பிரிந்து கிடக்கிறது. நிறுத்துமிடத்துக்காக மலையைக் குடைந்தால் மண்சரிவு அபாயமே கூடும்.

ஆகவே கேப் ரோட்டை விட்டு விலகி, பூப்பாறையிலும் போடிநாயக்கனூர் அடிவாரத்திலும் இடம் தேடுவதே நடைமுறைக்கு ஏற்றது. முன்னது கேரளத்தில், பின்னது தமிழ்நாட்டில் உள்ளது. தடை அறிவிப்பு இரு மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் எட்டினால்தான் லாரிகளை அடிவாரத்திலேயே நிறுத்த முடியும். பாதி வழி ஏறிவிட்ட பார லாரியை அந்த வளைவுகளில் திருப்புவது எளிதன்று.