நாட்டுத் துப்பாக்கி: முதல் ஆபத்து பிடித்திருப்பவருக்கே

கொல்லிமலை, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை அடிவாரங்களில் காட்டுப்பன்றி புகுந்து மரவள்ளியையும் கடலையையும் கிளறிப் போட்டால், பல மாத உழைப்பு ஒரே இரவில் மண்ணாகிவிடும். அந்த ஆத்திரத்தில்தான் பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கி கீழே இறங்குகிறது. சிலர் அதைப் பயிர்க்காவலுக்கு என்கிறார்கள். சிலர் கறிக்காக எடுக்கிறார்கள். எதற்காக எடுத்தாலும் கை போகலாம், உயிர் போகலாம், சிறைக்கும் போக நேரலாம்.

குழல் ஏன் வெடிக்கிறது?

முறையாகத் தயாரான துப்பாக்கியை, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுச் சோதித்த பிறகே முத்திரை குத்தி விற்பனைக்கு அனுப்புவார்கள். பட்டறையில் இரும்புக் குழாயைப் பற்றவைத்துச் செய்த குழல் அப்படி எந்தச் சோதனையையும் பார்த்ததில்லை. அதில் கரிமருந்தைக் கைக்கணக்கில் கொட்டி, பால்ரஸ் குண்டுகளைப் போட்டுக் கம்பியால் இடிக்கிறார்கள். மருந்து கூடினாலும், குழல் வாயில் மண் அடைத்திருந்தாலும், பற்றவைப்பில் துரு ஏறியிருந்தாலும் குழல் கிழியும். அது பெரும்பாலும் மருந்து இருக்கும் அடிப்பக்கத்தில் கிழியும். சுடுபவரின் கண்ணும் விரல்களும் அங்கேதான் இருக்கின்றன. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையே என்று திருப்பிப் பார்க்கும் நொடியில் வெடிப்பதும் உண்டு.

மருந்தை அளந்து போட்டாலும் ஆபத்து முழுவதும் நீங்காது. அமெரிக்காவில் பெரிய விலங்குகளை வேட்டையாடும் சிலர், .30-06 போன்ற ரைபிள் தோட்டாக்களின் கூட்டை வேறு அளவுக்கு மாற்றி ‘வைல்டுகேட்’ எனப்படும் தோட்டாக்களைத் தாங்களே உருவாக்குகிறார்கள். மருந்தை அவர்கள் கிரெயின் கணக்கில் நிறுத்துப் போடுகிறார்கள். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். அத்தனை கவனத்துக்கும் மீறி அங்கேயும் விபத்து நடக்கிறது. கையால் நிரப்பிய தோட்டாவால் துப்பாக்கி பழுதானால் பொறுப்பேற்க மாட்டோம் என்று பல நிறுவனங்கள் எழுதியே கொடுக்கின்றன. அவர்கள் செய்வதைக் கைப்பேசி வீடியோக்களில் பார்த்துவிட்டு இங்கே அதில் கை வைப்பவர் தன் வீட்டையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 2019-இல் கடுமையாக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். பழுது பார்த்துக் கொடுக்கும் பட்டறைக்காரரும் இதில் சிக்குவார்.

வேட்டை தனிக் குற்றம். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, யானை, காட்டுமாடு போன்ற முதல் அட்டவணை விலங்குகளைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. குறி தவறினாலும் முயற்சியே வேட்டைதான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பல உரிமைகளைத் தந்தாலும், வேட்டையை அதில் சேர்க்கவில்லை.

நேர்வழிகள் இருக்கின்றன

பயிர் சேதமானால் அன்றே படம் எடுத்து, பட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். இழப்பீடு கேட்பது உங்கள் உரிமை. காட்டுப்பன்றிக்கென 2025 ஜனவரியில் தமிழக அரசு தனி ஏற்பாடு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறையின் வேலை. விவசாயி சுட அனுமதியில்லை.

உண்மையான பயிர்க்காவலுக்கு உரிமம் கேட்கவும் ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் இடமிருக்கிறது. மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் அந்த உரிமம் வேட்டைக்கான அனுமதி ஆகாது.

உரிமம் வைத்திருந்த அப்பாவோ தாத்தாவோ இறந்துவிட்டால், வாரிசுகள் தாமதிக்காமல் அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கியைத் தாமாக ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்று மலை மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அப்படி அறிவிக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் முன்னின்று ஒப்படைக்கச் செய்ய வேண்டும்.

வழக்கில் சிக்கியவருக்கும் உரிமைகள் உண்டு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

போன பயிருக்கு மனு போடலாம். போன கண்ணுக்கு எந்த அலுவலகத்திலும் மனு போட முடியாது. பரணில் துப்பாக்கி இருந்தால், ஒரு வழக்கறிஞரிடமோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ கேட்டுக்கொண்டு இந்த வாரமே ஒப்படைத்துவிடுங்கள்.