டிக்கெட்டில் ஒன்றரை மணி, வானத்தில் நான்கு மணி

கம்போங் குவாந்தான் பக்கத்துத் தோட்டத்தில் என் மாணவன் ஒருவனின் பாட்டனார் ஊரில், துறையூர்ப் பக்கம், காலமாகிவிட்டார். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு எடுப்பதாகத் தகவல். மகள், அதாவது பையனின் தாயார், முகம் பார்க்கப் புறப்பட்டார். டிக்கெட்டைப் படித்துச் சொன்னவன் நான்தான். கோலாலம்பூரில் காலை 8.30க்குப் புறப்பாடு, திருச்சியில் 10.00க்கு இறக்கம்.

"ஒன்றரை மணி நேரந்தானா சார்? நம்ம வீட்டிலிருந்து சிப்பாங் போகவே அவ்வளவு ஆகுமே!" என்றார். அவசரத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். அதுதான் தப்பு.

சிப்பாங்கிலிருந்து திருச்சி ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்தாலும், ஏற இறங்க ஆகும் நேரமும் சேர்ந்து நான்கு மணி நேரம் பிடிக்கும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் மலேசிய நேரம். சேரும் நேரம் இந்திய நேரம். நம் கடிகாரம் இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி முதல் தேதி இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான்.

அம்மையார் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. திருச்சியில் இறங்கிக் காரில் மண்ணச்சநல்லூரைத் தாண்டும்போது அது இரண்டு காட்டியது. 'எடுத்திருப்பார்களே!' என்று வண்டியிலேயே ஓவென்று அழுதுவிட்டார். காரோட்டிதான், "இப்போ பதினொன்றரைதானேம்மா" என்று தேற்றினாராம். போய்ச் சேர்ந்தபோது பெரியவர் கூடத்தில்தான் இருந்தார். மகள் முகம் பார்த்தார்.

'ரஜூலா', 'சிதம்பரம்' கப்பல் காலத்தில் இந்தக் குழப்பமில்லை. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். கடிகாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சாவுச் செய்தி கேட்டுக் கப்பலேறி முகம் பார்த்தவர் யார்? 1985இல் 'சிதம்பரம்' தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். திருச்சியில் இரவு 11.00க்கு ஏறினால் இங்கே விடியற்காலை 5.30. டிக்கெட்டைப் பார்த்தால் ஆறரை மணி நேரம்! போகும் ஒன்றரையையும் வரும் ஆறரையையும் கூட்டிப் பாதியாக்குங்கள், நான்கு வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது இதைத்தான் கணக்காகக் கொடுக்கிறேன்.

இன்னொன்று, தேதியும் மாறும். சனிக்கிழமை இரவு ஏறினால் இறங்குவது ஞாயிறு காலை. அழைக்க வரும் வாடகைக் காரோட்டியிடம் ஞாயிறு என்று சொல்லுங்கள். அந்த அம்மையாருக்காக ஒருவர் சனிக்கிழமை விடியலிலேயே போய்க் காத்துக்கிடந்தார்; வண்டிக் கூலியை இரண்டு தடவை கொடுக்க நேர்ந்தது.