முடிவு வருமுன் எழுதப்படும் நன்றி

வேலைக்கான நேர்முகப் பரீட்சை முடிந்து வீடு திரும்பிய விண்ணப்பதாரி, தம்மை வினவிய அதிகாரிக்கு அன்றோ மறுநாளோ நான்கைந்து வரிகளில் நன்றி தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பும் வழக்கம், வட அமெரிக்க அலுவலகங்களில் நெடுங்காலமாக வேரூன்றியதாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலை தேடும் இளைஞர்களுக்கு இவ்வழக்கம் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவும், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் உறவினரின் தொலைபேசி அறிவுரையாகவும் வந்து சேர்கிறது. அந்த அறிவுரையை இங்கு அப்படியே பின்பற்றலாமா என்பது எளிதாக விடையளிக்கக்கூடிய வினாவன்று. ஏனெனில் வேலை எங்கே, எந்த முறையில் வழங்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அந்த நான்கு வரிகள் மரியாதையாகவோ முறைகேடாகவோ கொள்ளப்படும்.

நன்றியை எழுத்தில் தெரிவிப்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டிக் கிரியை நிகழும்போது, உதயன், வலம்புரி முதலிய நாளேடுகளில் ‘நன்றி நவிலல்’ என்னும் தலைப்பில் குடும்பத்தார் வெளியிடும் அறிவித்தலில், செய்தி கேட்டு நேரில் வந்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் கூறியவர்கள், மலர்வளையம் சார்த்தியவர்கள், பதாகை கட்டியவர்கள், உணவு கொடுத்து உதவியவர்கள் என ஒருவரும் விடுபடாதவாறு வகைவகையாகக் குறிப்பிடப்படுவர். பாடசாலைப் பரிசளிப்பு விழாவாயினும் நூல் வெளியீடாயினும் நன்றியுரையின்றி நிறைவுறுவதில்லை. எனினும் இவையனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: காரியம் நிறைவேறிய பின்னரே, அதாவது சொல்பவருக்கு அதனால் இனி ஆகவேண்டியது எதுவும் இல்லாத வேளையிலேயே, நன்றி சொல்லப்படுகிறது. நேர்முகப் பரீட்சைக்குப் பின் அனுப்பப்படும் குறிப்போ, முடிவு இன்னும் எடுக்கப்படாத இடைவெளியில் போய்ச் சேர்கிறது. அதன் நோக்கத்தைப் பற்றிய ஐயம் அந்த இடைவெளியிலேதான் பிறக்கிறது.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்னும் பழமொழி வழங்கும் குடாநாட்டில், முதலில் நோக்கவேண்டியது அரச வேலையே. அரச ஆட்சேர்ப்பில் நேர்முகப் பரீட்சை பெரும்பாலும் இருவகைப்படும். பொது நேர்முகப் பரீட்சை என்பது விண்ணப்பத்தில் கூறப்பட்ட தகைமைகள் உண்மையானவையா என்று சரிபார்ப்பதற்கு மட்டும் நடத்தப்படுவது. அதற்குப் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் கோவையில் பிறப்புச் சான்றிதழ், க.பொ.த. பெறுபேறுகள், பட்டச் சான்றிதழ், கிராம அலுவலரின் சான்றிதழ் ஆகியவற்றை வரிசைப்படுத்திக் கொண்டுவரும் விண்ணப்பதாரியிடம், குழுவினர் மூலப்பிரதியையும் நிழற்பிரதியையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கிக் கையொப்பமிட்டதும் சந்திப்பு முடிந்துவிடும். மற்றையது கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை: மேலதிகக் கல்வித் தகைமை, அனுபவம், மொழித்தேர்ச்சி, நேர்முகத்தில் வெளிப்படும் ஆற்றல் முதலிய தலைப்புகளுக்கு உச்சப் புள்ளிகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க, குழுவினர் அவ்வத் தலைப்பின்கீழ்ப் புள்ளியிடுவர். முதல்வகையில் நன்றிக் குறிப்பு மாற்றக்கூடியது எதுவுமில்லை; இரண்டாம் வகையில் அது எதையேனும் மாற்றுமாயின், மாற்றுவதே தவறாகும்.

இது வெறும் நாகரிகம் சார்ந்த தடையுமன்று. நியமனங்களைக் கையாளும் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களில் செல்வாக்குச் செலுத்த முயல்வதை இலங்கை அரசியலமைப்பே தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. நன்றி கூறும் மின்னஞ்சல் ஒன்றுக்காக எவரும் நீதிமன்றம் ஏறப்போவதில்லை என்பது உண்மையே. ஆயினும், குழுவிலிருந்தவரின் கைப்பேசி இலக்கத்தைத் தேடிப் பெற்று வைபரில் ‘சேர், இன்றைக்கு மிகவும் நன்றி’ என்று எழுதும் இளைஞரின் எண்ணம் எத்துணைத் தூயதாயினும், பெறுபவர் கண்ணுக்கு அது சிபாரிசின் முதற்படியாகவே தோன்றும். குடாநாடு சிறியது, குழுவில் இருப்பவர் விண்ணப்பதாரியின் பழைய ஆசிரியராகவோ, ஒரே கோயில் திருவிழாவில் வடம் பிடிப்பவராகவோ இருப்பது அரிதன்று. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்காகத் தொடர்போராட்டம் நடத்திய மண்ணில், ஒவ்வொரு நியமனமும் பலருடைய கண்களால் அளக்கப்படுகிறது. ஆகவே அரச நேர்முகப் பரீட்சைக்குப் பின் எதையும் அனுப்பாதிருத்தலே முறை; எழுந்து வரும்போது குழுவினரைப் பார்த்துச் சொல்லும் ஒரு ‘நன்றி’ போதுமானது.

தனியார் துறையில் நிலைமை வேறு. அங்கு வேலை கொடுப்பவர், கூடப் பணியாற்றத் தக்கவர் யார் என்று தமது மதிப்பீட்டின்படியே தெரிந்தெடுக்கிறார். அம்மதிப்பீட்டுக்கு விண்ணப்பதாரி இன்னுமொரு சான்றை வெளிப்படையாகச் சேர்ப்பதில் குற்றமில்லை. ஆனால் வெறும் பாராட்டு சான்றாகாது. சுன்னாகத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் கணக்கு உதவியாளர் பதவிக்குத் தோற்றிய ஒருவர் இவ்வாறு எழுதலாம்: ‘வணக்கம். நேற்று என்னைச் சந்திக்க நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. வெங்காய அறுவடைக் காலத்தை ஒட்டிக் கடன் மீளளிப்பு ஏறி இறங்குவது பற்றித் தாங்கள் விளக்கியதால், இப்பணியின் இயல்பு எனக்குத் தெளிவாயிற்று. தாங்கள் கேட்ட கணினிக் கணக்கியல் சான்றிதழின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.’ இதில் வெங்காய அறுவடை பற்றிய வாக்கியம் அந்த உரையாடலில் இருந்தவர் மட்டுமே எழுதக்கூடியது. அதற்கு அடுத்தது, பெறுபவருக்கு உண்மையாகவே பயன்படுவது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் இவ்விரண்டும் இருப்பதில்லை, அதனாலேயே அவை பார்த்த மாத்திரத்தில் இனங்காணப்படுகின்றன. நேர்முகம் நடந்த மொழியிலேயே, அழைப்பு வந்த மின்னஞ்சல் முகவரிக்கே பதிலாக அனுப்புவது நன்று; தனிப்பட்ட இலக்கங்களைத் தேடிச் செல்வது இங்கும் ஆகாது.

இவ்வழக்கம் பிறந்த இடத்திலேயே அது பற்றிய கருத்து ஒன்றுபட்டதாக இல்லை. 2019இல் அமெரிக்காவின் பிசினஸ் இன்சைடர் நிறுவனத்தின் ஆசிரியர் ஒருவர், நன்றி மின்னஞ்சல் அனுப்பாதவரை வேலைக்கு எடுக்கக்கூடாது என்பதைத் தம் விதியாக எழுதியபோது, எழுதப்படாத விதியை அறியும் வாய்ப்பற்ற குடும்பங்களிலிருந்து வருபவர்களை அது தண்டிக்கிறது எனப் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே. சாவகச்சேரியிலிருந்தோ ஊர்காவற்றுறையிலிருந்தோ முதற்றலைமுறைப் பட்டதாரியாக வருபவரிடம் அவ்விதியை எதிர்பார்ப்பது, திறமையை விடுத்துப் பழக்கத்தை அளப்பதாகவே முடியும்.

மறுபுறத்தில், எழுதத் தயங்குபவர் கருத்திற்கொள்ளத்தக்க ஆய்வு ஒன்றும் உண்டு. அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகிய உளவியலாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதுவோர் பெறுபவரின் மகிழ்ச்சியைக் குறைத்தும், அவருக்கு ஏற்படக்கூடிய சங்கடத்தை மிகைப்படுத்தியும் கணிப்பது புலனாயிற்று. அது வேலை தேடுவோரைப் பற்றியதன்று. தம் வாழ்வில் உதவியவர்களுக்கு எழுதியவர்களைப் பற்றியது. ஆதலால் அதன் முடிவு வேலை கிடைக்காமற்போன பின்னர் எழுதப்படும் குறிப்புக்கே கூடுதலாகப் பொருந்தும். தனியார் நிறுவனமொன்றில் வேறொருவர் தெரிவாகிவிட்டார் என்று அறிந்தபின் இரண்டு வரிகளில் நன்றி கூறி, அடுத்த வெற்றிடம் ஏற்படும்போது தம்மையும் கருத்திற்கொள்ளுமாறு கேட்பவர் மிகச் சிலரே. அவ்வேளையில் முடிவு எடுக்கப்பட்டுவிட்டதால், அக்கடிதத்தைச் சிபாரிசு என்று எவரும் ஐயுறப்போவதில்லை. தெரிவானவர் சில கிழமைகளில் வெளிநாடு சென்றுவிட்டால், நிறுவனம் முதலில் புரட்டுவதும் அண்மைய கடிதங்களையே.