லேபிளில் காணாத கடுகு

மிளகாய் கடித்து நாக்கு எரிந்தால் அது அலர்ஜி அல்ல. சூட்டை உணரும் ஒரு நரம்பு ஏற்பியை மிளகாயின் கேப்சைசின் சீண்டிவிடுகிறது, அவ்வளவுதான். கடுகு அலர்ஜி வேறு ரகம். கடுகிலுள்ள புரதத்தைப் பகையாளி என்று எண்ணி உடம்பு ஐஜிஇ எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கும். அடுத்த முறை கடுகு உள்ளே போனதும் ஹிஸ்டமின் கொட்டும். உதடு வீங்கும், தோல் தடித்து அரிக்கும். சிலருக்கு மூச்சுக்குழல் இறுகி ரத்த அழுத்தமும் சரிந்துவிடும்.

கொதிக்கும் எண்ணெயில் பொரிந்த கடுகில் புரதம் என்ன மிஞ்சியிருக்கப் போகிறது என்று தோன்றலாம். மிஞ்சும். இந்தப் புரதத்தை, முளைவிடும்போது உதவட்டும் என்று விதை சேமித்து வைத்திருக்கிறது. கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் சூட்டுக்கும் செரிமான நொதிகளுக்கும் எளிதில் மசியாது. சட்னியில் கலந்த புரதம் அங்கேயே இருக்கும் என்பதால், 'கடுகை ஒதுக்கிவிட்டுச் சட்னியைச் சாப்பிடேன்' என்பது நல்ல மனதோடு சொல்லும் ஆபத்தான யோசனை.

வீட்டில் தாளிக்காமலே சமைத்துவிடலாம். பாக்கெட் உணவில்தான் வம்பு. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறை, ஒவ்வாமை தரும் பொருள்கள் என்று 8 வகைகளைக் கட்டாயம் அறிவிக்கச் சொல்கிறது. பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா எல்லாம் அதில் உண்டு. கடுகு இல்லை, எள்ளும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 வகைகளில் இரண்டுமே இருக்கின்றன. சமையலறைதோறும் கடுகு வெடிக்கும் நாட்டின் பட்டியலில் அது விடுபட்டிருப்பது எனக்கு விளங்கவில்லை. போதாக்குறைக்கு, சேர்மானப் பட்டியலில் 'மசாலாப் பொருள்கள்' என்று பொதுவாகப் போட்டாலே போதும் என்ற சலுகை வேறு. மிக்சரிலும் சிப்ஸிலும் அந்த ஒரு வரிக்குள் கடுகும் இருக்கலாம், சோம்பும் இருக்கலாம்.

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். கோதுமை ஆகாதவருக்கு ரசத்தில் போடும் ஒரு சிட்டிகைகூடக் கணக்குத்தான். இங்கே கோதுமை கட்டாயப் பட்டியலில் இருப்பதால், பொடி எழுத்திலாவது அது டப்பாவில் அச்சாகிறது.

அச்சிட்டதை மட்டும் நம்பவும் முடியாது. 2024 செப்டம்பரில் பிரிட்டனின் உணவுத் தர முகமை, வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்கள் கடுகு சேர்ந்த எதையும் தவிர்க்கும்படி எச்சரித்தது. கடுகில் வேர்க்கடலை கலந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனார்கள். தடம் இந்தியாவில் வந்து நின்றது. தன் கடுகில் வேர்க்கடலை கலந்திருப்பதே தெரியாத உற்பத்தியாளர் லேபிளில் எதை அச்சடிப்பார்?