எவர்சில்வருக்கும் உண்டு எதிரி

பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் பொறித்துத் தலைமுறை தாண்டிப் பாதுகாப்பவர்கள் நாம். ஆனால் பளபளக்கும் குடத்தின் அடியில் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தோன்றுவதைப் பல இல்லத்தரசிகள் பார்த்திருப்பார்கள். தேய்த்தாலும் போகாது. அது அழுக்கன்று, குழி அரிப்பு. அதற்குக் காரணம் நாம் அன்றாடம் பயன்படுத்தும் உப்பு.

எவர்சில்வர் என்பது இரும்புடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்த கலவை. குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கவசத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் கவசம் தானே மூடிக்கொள்ளும்.

உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் இக்கவசத்தின் பலவீனமான இடத்தைத் துளைக்கின்றன. உள்ளே கரையும் உலோகம் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. மேலும் குளோரைடு அந்தக் குழிக்குள் ஈர்க்கப்படுகிறது. ஆக்ஸிஜனோ உள்ளே எளிதில் எட்டாது. எனவே கவசம் மீண்டும் உருவாக வழியின்றி, குழி தன்னைத்தானே ஆழமாக்கிக் கொள்கிறது. வெளிப்புறம் பளபளப்பாகவே இருக்கும்; ஒருநாள் பாத்திரம் ஒழுகும்!

பெங்களூரில் காவிரி நீர் எட்டாத பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே கதி. நீர் வற்றியதும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படலத்தின் அடியில் குளோரைடு செறிவடையும். ஆகவே அதை அவ்வப்போது நீக்கிவிட வேண்டும்.

குளிர்ந்த நீரில் கல் உப்பைப் போட்டால் அது கரையாமல் அடியில் தங்கி, அவ்விடத்தைத் தாக்கும். நீர் கொதித்த பிறகு உப்பிட்டுக் கிளறுங்கள். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியே ஏற்றது. நம் பாட்டிமார் வழக்கத்தில் விஞ்ஞானம் இருந்தது. பிளீச்சிங் பவுடர் கரைசலை எவர்சில்வர் வாளியில் ஊறவைக்காதீர்கள். கழுவிய பாத்திரங்களைத் துடைத்து உலர்த்துங்கள்.

வாங்கும்போது ரகத்தையும் கேளுங்கள். 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் சேர்வதால் குளோரைடை நன்கு தாங்கும். விலை மலிவான 200 வரிசை ரகங்களில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். உப்பைத் தாங்கும் சக்தியும் பொதுவாகக் குறைவே.

கடற்காற்றிலும் இதே குளோரைடுதான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டதோடு, உயர்தரப் பாதுகாப்புப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். பாலமானாலும் பாத்திரமானாலும், உப்பைத் தங்க விடாமல் பார்த்துக்கொண்டால் ஆயுள் கெட்டி.